கூக்கால் வயலும் தரவுத்தளமும்

கொடைக்கானல் மலையில் பூம்பாறைக்கு அப்பால் அமைந்த சிற்றூர் கூக்கால். ஏரியும், மலைச்சரிவில் படிப்படியாய் வெட்டப்பெற்ற வயல்களும் அவ்வூரின் செல்வங்களாகும். அவற்றுள் ஒரு துண்டு நிலம் இன்னாருக்குரியது என்பதை வருவாய்த் துறையின் கணக்கைக் கொண்டே அறிகிறோம். வங்கிக் கடன், வாரிசுப் பங்கு, பயிர் இழப்பீடு ஆகிய அனைத்திற்கும் அக்கணக்கின் ஒரு வரி சான்றாக நிற்கிறது. தரவுத்தளம் என்னும் கணிப்பொறிக் கருத்தினை விளக்க இதனினும் ஏற்ற எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

ஏட்டுக் கணக்கில் 'அ' பதிவேடு புல எண் வரிசையிலும், சிட்டா பட்டா எண் வரிசையிலும் அமைந்தன. செய்தி ஒன்றே, எழுதும் இடமோ இரண்டு. நிலம் கைமாறும்போது ஓர் ஏட்டில் திருத்தி, மற்றதில் திருத்த மறந்தால் ஒரே வயலுக்கு இரு உடைமையாளர் தோன்றுவர். வழக்கும் பகையும் அதன்வழி வளரும்.

இத்தகைய குறையை நீக்கும் நெறியை ஐ.பி.எம். நிறுவனத்தைச் சார்ந்த எட்கர் காட் என்னும் அறிஞர் 1970-ஆம் ஆண்டில் வகுத்தளித்தார். செய்திகளை அட்டவணைகளாகப் பகுத்தல், ஒரு செய்தியை ஓரிடத்தில் மட்டும் வைத்தல், அட்டவணைகளைப் பொதுவான எண்களால் இணைத்தல் என்பனவே அந்நெறியின் சாரம். இப்பணிக்காக 1981-இல் அவர் டூரிங் விருது பெற்றார்.

நில அட்டவணையில் ஒரு வரிசை ஒரு வயலைக் குறிக்கும். பரப்பு, நிலவகை, தீர்வை ஆகியன அதன் பத்திகளாகும். ஒரு வயலை மற்றொன்றிலிருந்து பிரித்தறியும் அடையாளத்தைத் திறவுகோல் என்பர். உடைமையாளர் பெயர் திறவுகோலாகாது. ஒரே பெயருடையோர் ஓரூரிலேயே பலர் இருப்பர். புல எண் மட்டும் போதுமோ எனில், அதுவும் போதாது. ஒன்றாம் எண் ஊர்தோறும் உண்டு. எனவே மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு எண் ஆகிய ஐந்தும் சேர்ந்தே திறவுகோலாகும். ஒருவருக்குப் பல வயல்களும், ஒரு வயலுக்குப் பல பங்காளிகளும் இருத்தல் கூடும். ஆதலின், இன்னாருக்கு இன்ன வயல் என்னும் உறவினை மட்டும் குறிக்கத் தனியோர் அட்டவணை வைத்தல் முறை.

இவ்வட்டவணைகளைக் காத்து ஆள்வது தரவுத்தள மேலாண்மை மென்பொருள். ஆரக்கிள், மை எஸ்.கியூ.எல். போன்றவை அவ்வகையின. எஸ்.கியூ.எல். என்னும் வினவுமொழியில் நாம் கேட்டால், ஒரே செய்தியைப் புல எண் வரிசையிலும் தரும். பட்டா எண் வரிசையிலும் தரும். விற்றவர் பெயரை நீக்குதலும் வாங்கியவர் பெயரைச் சேர்த்தலும் இரண்டும் நிகழ வேண்டும், அன்றேல் இரண்டும் நிகழாதொழிய வேண்டும் என்னும் காவலும் அதற்குண்டு. பார்ப்போர் யார், திருத்துவோர் யார் என்னும் வரையறையையும் அது பேணும். தமிழகத்தில் நில ஆவணங்களைப் பேணும் மென்பொருளுக்குத் 'தமிழ் நிலம்' என்பதே பெயர். மலையூரார் தம் பட்டா விவரத்தை இணையத்தில் காண இயலுவது இதனாலேயே.

எனினும் ஒன்று நினைவிற் கொள்ளத்தக்கது. மென்பொருள் ஒழுங்கைக் காக்குமேயன்றி உண்மையைக் கண்டறியாது. ஏட்டிலிருந்த பிழையைப் பார்த்தெழுதினால் அப்பிழையே செம்மையாய் அச்சாகி வரும். ஓரெழுத்து மாறினும் ஒரு குடும்பம் தன் நிலத்திற்காக வட்ட அலுவலகத்திற்கு அலைய நேரும். ஆதலின், இத்துறையில் புகும் மாணவர்கள் பதியும் ஒவ்வொரு வரியையும் பிறர் உடைமை எனக் கருதிச் சரிபார்த்தல் கடனாகும்.