உங்களுக்குத் தெரியுமா? பெல்ட்டின் ஒற்றை விளிம்புத் தேய்மானம்

வத்தலக்குண்டிலிருந்து செண்பகனூர் வழியாகக் கொடைக்கானலுக்கு ஏறும் வாகனங்களில், கிராங்க் தண்டின் சுழற்சியைத் தண்ணீர் பம்பு, ஆல்டர்னேட்டர் முதலியவற்றுக்குக் கடத்தும் பெல்ட் ஒரு விளிம்பில் மட்டும் நூல் பிரிந்து தேய்ந்திருந்தால், அது ஓடும் பள்ளச் சக்கரங்களாகிய புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை என்பதே பெரும்பாலும் அதன் பொருளாகும். பேரிங்கின் தேய்மானமோ தளர்ந்த போல்ட்டோ அதற்குக் காரணமாகலாம். இரு பக்கமும் கண்ணாடிபோல் பளபளத்தால், இழுவிசை குறைந்தோ எண்ணெய் பட்டோ பெல்ட் வழுக்கியிருக்கிறது. எஞ்சினை அணைத்தபின் புல்லிகளின் முகங்களில் நேர்ச்சட்டம் ஒன்றை வைத்துப் பார்த்தால் விலகல் புலப்படும். விலகலைச் சீராக்காமல் புதுப் பெல்ட் மாட்டுவது வீண்செலவே. கொடைக்கானலின் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் திறந்த பாத்திரத்து நீர் சுமார் 93 டிகிரி செல்சியஸிலேயே கொதிப்பதால், அங்கே பெல்ட் அறுந்து பம்பு நின்ற எஞ்சினில் குளிர்விக்கும் நீர் சமவெளியைவிட விரைவாகவே கொதித்துவிடும்.