707 குதிரைத்திறன், நான்கு கதவுகள்: அமெரிக்க 'மசில் செடான்' காரை ஓட்டிப் பார்க்கும்போது கவனிக்க வேண்டியது என்ன?

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் உள்ள பிராம்ப்டன் ஆலையில் 2023 டிசம்பரில் டாட்ஜ் சார்ஜர் காரின் உற்பத்தி நிறுத்தப்பட்டது. எட்டு சிலிண்டர் கொண்ட வி-8 பெட்ரோல் இன்ஜினுடன் வந்த அந்தத் தலைமுறை சார்ஜரை வாங்க விரும்பும் அமெரிக்கர்கள் இப்போது பழைய கார் சந்தையைத்தான் நாட வேண்டியிருக்கிறது. அங்கே அவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் 20 நிமிடச் சோதனை ஓட்டம். பல ஆண்டுகள் கடன் தவணை கட்டப்போகும் ஒரு காரைப் பற்றி அந்த 20 நிமிடங்களில்தான் முடிவெடுக்க வேண்டும். பெரும்பாலோர் அந்த நேரத்தை ஆக்சிலரேட்டரை மிதித்துப் பார்ப்பதிலேயே செலவழித்துவிடுகிறார்கள். ஆனால், இந்தக் காரில் சாலையில் ஓட்டிச் சோதிக்கவே முடியாத ஒரு விஷயம் உண்டென்றால், அது அதன் முழு வேகம்தான்.

'மசில் கார்' என்ற சொல் 1960-களின் அமெரிக்காவைச் சேர்ந்தது. நடுத்தர அளவுள்ள, விலை மிதமான ஒரு காரில் பெரிய காருக்குரிய வி-8 இன்ஜினைப் பொருத்துவதே அதன் அடிப்படை. 1964-ல் வந்த பான்டியாக் ஜிடிஓ இதற்கு வழிவகுத்ததாகக் கருதப்படுகிறது. டாட்ஜ் சார்ஜர் 1966-ல் இரண்டு கதவுகளுடன் வந்தது. புகை வெளியேற்றக் கட்டுப்பாடுகள், உயர்ந்துகொண்டே போன காப்பீட்டுக் கட்டணம், 1973 எண்ணெய் நெருக்கடி ஆகியவை அடுத்தடுத்து வந்து அந்தக் காலகட்டத்தை முடித்துவைத்தன.

சார்ஜர் என்ற பெயர் 2006 மாடலாக மீண்டும் வந்தபோது அதற்கு நான்கு கதவுகள் இருந்தன. டாட்ஜ் அப்போது டைம்லர்-கிரைஸ்லர் குழுமத்தில் இருந்ததால், மெர்சிடிஸ் பென்ஸின் சில தொழில்நுட்பங்களும் அதன் அடிச்சட்டத்தில் இடம்பெற்றன. நான்கு கதவு வைத்த கார் சார்ஜரே அல்ல என்று பழைய ரசிகர்கள் முகம் சுளித்தனர். விற்பனை வேறு விதமாக அமைந்தது. பின் இருக்கையில் குழந்தைகளை உட்கார வைக்க வேண்டிய குடும்பத் தலைவர்களும், ரோந்து வாகனம் தேவைப்பட்ட காவல் துறையினரும் அதை வாங்கினர். 3.6 லிட்டர் வி-6 இன்ஜின் கொண்ட அதன் எளிய வகை, வாடகைக் கார் நிறுவனங்களிலும் பரவலாகக் காணப்பட்டது.

இந்த வரிசையின் உச்சம் 2015 மாடலாக வந்த 'எஸ்ஆர்டி ஹெல்கேட்'. 6.2 லிட்டர் ஹெமி வி-8 இன்ஜின், அதற்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் சூப்பர்சார்ஜர், 707 குதிரைத்திறன். அதிகபட்ச வேகம் மணிக்கு 204 மைல், அதாவது சுமார் 328 கி.மீ. என்று நிறுவனம் அறிவித்தது. ஐந்து பேர் அமரும் ஒரு குடும்பக் காருக்கு இந்த எண்கள் பொருந்துமா என்பது அன்றே எழுந்த கேள்வி. பின்னர் வந்த 'ரெட்ஐ' வகை 797 குதிரைத்திறனை எட்டியது.

எண்ணுக்கும் டயருக்கும் இடையே

அமெரிக்காவில் சட்டப்படி அனுமதிக்கப்பட்ட மிக உயர்ந்த சாலை வேகம் மணிக்கு 85 மைல், அதாவது சுமார் 137 கி.மீ. டெக்சாஸ் மாநிலத்தின் 130-ஆம் எண் மாநில நெடுஞ்சாலையின் ஒரு பகுதியில் மட்டுமே அது உண்டு. மற்ற பெரும்பாலான நெடுஞ்சாலைகளில் வரம்பு 55 முதல் 75 மைல் வரை. ஆகவே காரின் உச்ச வேகம் சோதனை ஓட்டத்தின் கணக்கிலேயே வராது.

அனுமதிக்கப்பட்ட வேகத்துக்குள்ளாவது 707 குதிரைத்திறனையும் உணர முடியுமா என்றால், அதுவும் முடியாது. இன்ஜின் எவ்வளவு திறனை உற்பத்தி செய்தாலும், சாலைக்குப் போய்ச் சேர்வது டயரின் பிடிப்பு அனுமதிக்கும் அளவுதான். ஹெல்கேட் சார்ஜர் பின்சக்கரங்களால் மட்டுமே இயங்குவது. எடை இரண்டு டன்னுக்குச் சற்று அதிகம். கனமான இன்ஜின் முன்னால் இருப்பதால், காரின் எடையில் பாதிக்கும் குறைவே பின்சக்கரங்களின் மீது இறங்குகிறது. வேகமெடுக்கும்போது எடை பின்னோக்கிச் சாய்ந்து அந்தப் பங்கு ஓரளவு கூடும். இதையெல்லாம் கணக்கில் கொண்டு எளிய இயற்பியலின்படி மதிப்பிட்டால், காய்ந்த சாலையில் நல்ல டயருடன் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் பின்சக்கரங்கள் சாலைக்குக் கடத்தக்கூடியது சுமார் 250 குதிரைத்திறன். 100 கி.மீ. வேகத்தில் சுமார் 400. சாலை நனைந்திருந்தால் இது ஏறக்குறைய பாதியாகக் குறையும். மீதியுள்ள திறன் டயரை வழுக்கிச் சுழலவைத்துப் புகையாகத்தான் போகும். அல்லது காரில் உள்ள மின்னணுக் கட்டுப்பாடு தலையிட்டு இன்ஜினை அடக்கிவிடும்.

தயாரிப்பாளருக்கே இது தெரியாமல் இல்லை. ஹெல்கேட் காருடன் இரண்டு சாவிகள் கொடுக்கப்பட்டன. சிவப்புச் சாவியில் முழுத் திறனும் கிடைக்கும். கறுப்புச் சாவியைப் பயன்படுத்தினால் இன்ஜின் 500 குதிரைத்திறனோடு நிறுத்திக்கொள்ளும். முதன்முறை ஓட்டிப் பார்ப்பவர் கறுப்புச் சாவியைக் கேட்டு வாங்குவதே விவேகம். நகருக்குள்ளும் நெடுஞ்சாலையிலும் சட்ட வரம்புக்குள் ஓட்டும்போது இரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு தெரியாது. தவறுதலாகக் கால் அழுந்தும்போது மட்டும் வேறுபாடு தெரியும்.

எஸ்ஆர்டி வகைக் கார்களைப் புதிதாக வாங்கியவர்களுக்கு அரிசோனா மாநிலத்தில் உள்ள பந்தய ஓட்டுநர் பள்ளியில் ஒரு நாள் பயிற்சியை நிறுவனமே வழங்கியது. பழைய காராக வாங்குபவருக்கு அந்த ஏற்பாடு தானாக வந்து சேராது.

20 நிமிடங்களில் எதைப் பார்ப்பது?

முதலில் மெதுவாக ஓட்டிப் பார்க்க வேண்டும். வாகன நிறுத்துமிடத்தில், போக்குவரத்து நெரிசலில், மணிக்கு 10, 20 கி.மீ. வேகத்தில் கார் எவ்வளவு இணங்கிப் போகிறது என்பதே நாள்தோறும் ஓட்டுபவரின் வாழ்க்கையைத் தீர்மானிக்கிறது. ஆக்சிலரேட்டரைச் சற்றே தொட்டதும் கார் குதிக்கிறதா, பின்னோக்கி எடுக்கும்போது பின்புறம் எவ்வளவு தெரிகிறது, தாழ்ந்த முன்பகுதி வேகத்தடையிலும் நடைபாதை விளிம்பிலும் உரசுகிறதா என்பதெல்லாம் அப்போதுதான் புலப்படும். எட்டு கியர் தானியங்கிப் பெட்டி குறைந்த வேகத்தில் கியர் மாறும்போது இடிக்காமல் மாற வேண்டும். இடித்தால், முந்தைய உரிமையாளர் அதை எப்படி நடத்தினார் என்ற கேள்வி எழுகிறது.

அடுத்தது பிரேக். ஓடும் காரின் ஆற்றல் அதன் வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் உயரும். 50 கி.மீ. வேகத்தில் ஓடும் காரை நிறுத்துவதைப் போல் நான்கு மடங்கு வேலை, 100 கி.மீ. வேகத்தில் ஓடும் காரை நிறுத்த வேண்டும். அந்த ஆற்றல் முழுவதும் பிரேக் தட்டுகளில் வெப்பமாக மாறுகிறது. ஹெல்கேட்டின் முன்சக்கரத் தட்டுகள் சுமார் 390 மி.மீ. விட்டம் கொண்டவை. இது பல சிறிய கார்களின் சக்கர விளிம்பைவிடப் பெரியது. வெறிச்சோடிய நேர்சாலையில், பின்னால் வாகனம் இல்லாதபோது ஓரளவு அழுத்தமாக பிரேக் பிடித்துப் பார்க்கும்போது ஸ்டீயரிங் அதிர்ந்தால் தட்டுகள் சீராகத் தேயவில்லை என்று பொருள். அவற்றை மாற்றும் செலவு சாதாரண காருக்கு ஆவதைப் போன்றதல்ல.

டயரைக் குனிந்து பார்க்கச் சங்கடப்படக் கூடாது. நான்கு டயர்களும் ஒரே நிறுவனம், ஒரே வகைதானா, பின் டயர்கள் மட்டும் அதிகம் தேய்ந்திருக்கின்றனவா, உள்விளிம்பு கரைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இவ்வகைக் கார்களில் பெரும்பாலும் கோடைக் காலத்துக்கான டயர்களே வருகின்றன. அவற்றின் ரப்பர் குளிரில் இறுகிவிடும். மிச்சிகன் போன்ற மாநிலங்களில் நவம்பர் மாதக் காலையொன்றில் அத்தகைய டயருடன் இந்தக் காரை ஓட்டிப் பார்க்கக் கிளம்புவது, காரின் குணத்தை அறிவதற்கல்ல, அதிர்ஷ்டத்தைச் சோதிப்பதற்கே உதவும்.

ஒப்பிட்டுப் பார்க்க விரும்புபவர்கள் அதே நாளில் 292 குதிரைத்திறன் கொண்ட வி-6 சார்ஜரையும் ஓட்டிப் பார்க்கலாம். உருவமும் இருக்கை வசதியும் ஏறக்குறைய அதேதான். தனக்கு உண்மையில் வேண்டியது காரா, சத்தமா என்பது அப்போது ஓரளவு தெளிவாகும். இதில் கேலி ஒன்றுமில்லை. சூப்பர்சார்ஜரின் சீழ்க்கை ஒலிக்காகவே பணம் கொடுப்பவர்கள் அதை மறைப்பதில்லை.

ஓட்டிப் பார்த்தால் தெரியாதவை

சாலையில் புலப்படாத செலவுகள் சில உண்டு. நகருக்குள் இந்தக் கார் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஓடுவது 5 முதல் 5.5 கி.மீ. வரைதான். அதிக எரிபொருள் குடிக்கும் கார்களைப் புதிதாக விற்கும்போது விதிக்கப்படும் தனி வரியை 1978 முதலே அமெரிக்கச் சட்டம் வைத்திருக்கிறது. விந்தை என்னவென்றால், அந்த வரி கார்களுக்கு மட்டுமே. அதே அளவு குடிக்கும் பிக்கப் டிரக்குகளுக்கும் எஸ்யூவி-களுக்கும் கிடையாது.

காப்பீடு அதைவிடப் பெரிய விஷயம். அமெரிக்கக் காப்பீட்டுத் துறையின் தரவு அமைப்பான நெடுஞ்சாலை இழப்புத் தரவு நிறுவனம் 2023-ல் வெளியிட்ட ஆய்வில், சார்ஜர் ஹெல்கேட் காருக்கான திருட்டு இழப்பீட்டுக் கோரிக்கைகள், அதே காலகட்டத்து மாடல்களின் சராசரியைப் போல் 60 மடங்குக்கும் மேல் இருந்தன. அதன் சகோதர அமைப்பான ஐஐஎச்எஸ் அதே ஆண்டு வெளியிட்ட உயிரிழப்பு விகிதப் பட்டியலில், ஓட்டுநர் உயிரிழப்பு அதிகமுள்ள 2020 மாடல்களில் மசில் கார்கள் பலவும் இடம்பெற்றன. சார்ஜரின் சில வகைகள், எதிரே வந்த வாகனத்தின் ஓட்டுநர் இறந்த விபத்துகளின் பட்டியலிலும் முன்னணியில் இருந்தன. ஒரு காரின் கட்டமைப்பு வலுவாக இருப்பது மட்டும் போதாது, அது எப்படி ஓட்டப்படுகிறது என்பதும் உயிரைத் தீர்மானிக்கிறது என்பதையே இது காட்டுகிறது. எனவே ஓட்டிப் பார்க்கும் முன்பே, தன் பெயரில், தன் முகவரிக்கு ஆண்டுக் காப்பீட்டுக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டுவிட்டுச் செல்வது நல்லது. அந்தத் தொகையைக் கேட்டபின் சோதனை ஓட்டமே வேண்டாம் என்று முடிவெடுப்பவர்களும் இருக்கக்கூடும்.

திருட்டைத் தடுக்க டாட்ஜ் 2021-ல் ஒரு மென்பொருளை இலவசமாக வழங்கியது. நான்கு இலக்கக் குறியீட்டைத் தட்டாமல் கிளப்பினால் இன்ஜின் 2.8 குதிரைத்திறனுக்கு மேல் தராது. 707 எங்கே, 2.8 எங்கே! பழைய காரை வாங்குபவர், அந்த மென்பொருள் ஏற்றப்பட்டிருக்கிறதா என்றும், இரண்டு சாவிகளும் இருக்கின்றனவா என்றும் கேட்க வேண்டும். ஒரு சாவி மட்டும் இருந்தால் அதற்கான காரணத்தை எழுத்தில் பெறுவது நல்லது. காரின் அடையாள எண்ணைக் கொண்டு, நிறைவேற்றப்படாத திரும்பப் பெறல் அறிவிப்பு ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்பதை அமெரிக்க அரசின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் இணையதளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம்.

புதிய சார்ஜர் வேறு ரகம்

2024-ல் அறிமுகமான புதிய தலைமுறை சார்ஜர், பெயரைத் தவிர ஏறக்குறைய எல்லாவற்றிலும் மாறிவிட்டது. கனடாவின் வின்சர் ஆலையில் தயாராகும் அதில், மின்சாரத்தில் இயங்கும் 'டேட்டோனா' வகை உண்டு. மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர், இரட்டை டர்போ பெட்ரோல் இன்ஜின் கொண்ட 'சிக்ஸ்பேக்' வகையும் உண்டு. சிக்ஸ்பேக் 420, 550 என இரு திறன் அளவுகளில் வருகிறது. இரு வகைகளிலும் நான்கு சக்கரங்களும் இயங்குகின்றன என்பதால், மேலே சொன்ன பிடிப்புக் கணக்கு இங்கே மாறிவிடும். ஈரச் சாலையில் இவை எவ்வளவோ அடக்கமாக நடந்துகொள்ளும். மின்சார வகையில் கவனிக்க வேண்டியது எடை. பேட்டரியால் அது இரண்டரை டன்னைத் தாண்டிவிட்டது. வேகமெடுப்பதில் அந்த எடை தெரியாது, வளைவிலும் பிரேக்கிலும் தெரியும்.

பழைய ஹெல்கேட்டை ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்குபவர்களுக்கு ஒரு குறிப்பு. பிற்கால மாடல்களில், இன்ஜினை அணைத்த பிறகும் மின்விசிறியும் குளிரூட்டும் நீரின் பம்பும் சிறிது நேரம் ஓடிக்கொண்டிருக்கும். சூப்பர்சார்ஜரின் வெப்பத்தைத் தணிப்பதற்கான ஏற்பாடு அது, பழுதல்ல. அந்தச் சில நிமிடங்களில் சக்கரங்களின் அருகே சென்று கருகிய வாடை வருகிறதா என்றும், காரின் அடியில் திரவம் சொட்டியிருக்கிறதா என்றும் பார்த்துவிட்டு, அதன்பின் விற்பனையாளரின் மேசைக்குத் திரும்பலாம்.