குடிசன மதிப்பீட்டில் இல்லாத ஜேர்மன்காரர்

சென்ற வருடம் ஜேர்மனியில் இருந்து என் அக்காவின் மகள் தொலைபேசியில் அழைத்தாள். அவளுடைய தோழி ஒருத்தியின் உறவினர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்களாம். 1850களில் கப்பலேறிப் போன தங்கள் முன்னோர் ஒருவரை, அமெரிக்கக் குடிசன மதிப்பீட்டில் பெயர், வயது, தொழில், பிறந்த இடம் எல்லாவற்றோடும் கண்டுபிடித்துவிட்டார்களாம். "மாமா, எங்கட வீட்டிலயும் ஒரு ஜேர்மன்காரர் இருந்தவர் எண்டு அம்மா சொல்லுவா. இலங்கைக் குடிசன மதிப்பீட்டில தேடினா அவருட பேர் வராதா?"

வராது என்று உடனே சொல்லிவிட்டேன். ஏன் வராது, வேறெங்கே தேடலாம் என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் ஒரு வருடம் எடுத்தது. இடம்பெயர்வில் பத்திரங்களைத் தொலைத்த பல குடும்பங்களுக்கு இது பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

அமெரிக்காவில் 1850ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலிருந்து அடிமைகளாக இல்லாத ஒவ்வொருவரின் பெயரும் பிறந்த நாடும் எழுதப்பட்டது. 72 ஆண்டுகள் கழிந்ததும் அந்தப் படிவங்கள் பொதுமக்களுக்குத் திறக்கப்படும். 1950ஆம் ஆண்டுப் படிவங்கள் 2022இல் திறக்கப்பட்டன. அங்கேயும் சிக்கல் உண்டு. 1871வரை ஜேர்மனி என்று ஒரு நாடே இல்லாததால் பழைய படிவங்களில் பிரஷியா, பவேரியா, வூர்ட்டம்பேர்க் என்றுதான் பல இடங்களில் இருக்கும். 1890ஆம் ஆண்டுப் படிவங்களில் பெரும்பகுதி 1921இல் வாஷிங்டனில் நடந்த தீ விபத்தோடு அழிந்துபோனது. 1922இல் அயர்லாந்து உள்நாட்டுப் போரின்போது டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்ததில் அந்நாட்டின் பழைய கணக்கெடுப்புகள் பல சாம்பலாயின. 1981இல் யாழ் நூலகம் எரிந்ததைக் கண்ட நமக்கு அது என்ன இழப்பு என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அயர்லாந்துக்காரர் கோயில் பதிவேடுகளையும் காணிப் பத்திரங்களையும் வைத்துத்தான் தங்கள் குடும்பங்களைத் திரும்பக் கட்டியெழுப்பினார்கள்.

இலங்கையில் முதலாவது முறையான குடிசன மதிப்பீடு 1871இல் நடந்தது. ஊர், இனம், மதம், தொழில் வாரியான எண்ணிக்கைகள் அச்சில் கிடைக்கும். வீடுவீடாக நிரப்பிய படிவங்களைப் பெயர் சொல்லித் தேடுவதற்கு இங்கே வழி இல்லை. இன்னொன்று, அம்பாறை மாவட்டம் பிறந்ததே 1961இல். அதற்கு முந்திய கோமாரியை மட்டக்களப்பு மாவட்டத்துக்குள்தான் தேட வேண்டும். கணக்கெடுப்புக்கு மட்டுமல்ல, காணி, பதிவு, கச்சேரிக் கடிதம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். அம்பாறை என்ற பெயரில் தேடி, ஒன்றும் இல்லை என்று கைவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

எண்ணிக்கையிலும் ஓட்டை உண்டு. 1981க்குப் பின் இருபது வருடம் கணக்கெடுப்பே நடக்கவில்லை. 2001இல் வடக்கு கிழக்கின் ஏழு மாவட்டங்களில் அதை முழுமையாக்க முடியவில்லை. அம்பாறை எண்ணப்பட்டது, மட்டக்களப்பு விடுபட்டது. பறங்கியர் கிழக்கில் அதிகம் வாழ்வது மட்டக்களப்பில்தான். ஆகவே அவர்களுக்கு 1981க்கும் 2012க்கும் இடையில் ஒரு முழுத் தலைமுறைக்கான எண்ணே இல்லை. அதற்குள்தான் போரும் வந்தது, 2004இல் சுனாமியும் வந்தது. டச்பாரில் வாழ்ந்த பறங்கியர் எத்தனையோ பேரைக் கடல் கொண்டுபோனது.

சரி, ஜேர்மன்காரர் எப்படி இங்கே வந்தார்? ஒல்லாந்தர் என்று நாம் சொல்லும் கிழக்கிந்தியக் கம்பனியின் படையில் ஒல்லாந்தர் அல்லாதவர்கள் ஏராளம். 18ஆம் நூற்றாண்டில் அதன் சிப்பாய்களில் பெரும்பங்கினர் வெளிநாட்டவர், அவர்களில் கூடுதலானோர் ஜேர்மன் பிரதேசங்களின் ஏழைப் பொடியன்கள். வூர்ட்டம்பேர்க் கோமகன் தன் குடிகளைக் கொண்டு ஒரு முழு ரெஜிமெந்தையே கம்பனிக்கு வாடகைக்கு விட்டான். 1787இல் புறப்பட்ட அந்தப் படை தென்னாபிரிக்காவின் கேப் வழியாகப் பின்னர் ஜாவாவுக்கும் இலங்கைக்கும் அனுப்பப்பட்டது. திரும்பிப் போனவர்கள் கொஞ்சம். காய்ச்சலில் செத்தவர்கள் போக, மிஞ்சியவர்களில் சிலர் இங்கேயே கல்யாணம் முடித்தார்கள். அவர்களின் பிள்ளைகள் பறங்கியர் என்ற ஒரே பெயருக்குள் அடங்கிப்போனார்கள்.

எங்கள் வீட்டுக் கதையின்படி, அம்மம்மாவின் தகப்பன் மட்டக்களப்பிலிருந்து தெற்கே வேலைக்கு வந்த பறங்கித் தச்சர். திருக்கோவில் பக்கத்துப் பெண்ணை முடித்துத் தங்கிவிட்டார். அவருடைய முன்னோர்தான் அந்த ஜேர்மன்காரராம். இதை மூத்த உறவினர்களிடம் கேட்கப் போனால், அவர்கள் அந்தத் தச்சரின் மனைவியின் குடியை ஏழு தலைமுறைக்குச் சொல்வார்கள். தச்சரைப் பற்றி "அவர் வந்த மனுசன்" என்பதோடு முடிந்துவிடும்.

இது எங்கள் கரைக்கே உரிய சங்கதி. மட்டக்களப்பு முதல் பொத்துவில்வரை தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் குடி தாய்வழியாகத்தான் வரும். அக்கரைப்பற்றில் நீண்டகாலம் ஆய்வுசெய்த டெனிஸ் மெக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் இதை விரிவாக எழுதியிருக்கிறார். வெளியிலிருந்து வந்த ஆண் யாராக இருந்தாலும் பிள்ளைகள் தாயின் குடி. ஊரின் ஞாபகத்தில் அவருக்கு இடமில்லை.

கடதாசி இதற்கு நேர்மாறு. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் தகப்பன், தகப்பனின் தகப்பன், அவரின் தகப்பன் எங்கே பிறந்தார்கள் என்று கேட்டது. அதைக் காட்ட முடியாமல்தான் மலையக மக்கள் இலட்சக்கணக்கில் நாடற்றவர்களானார்கள். இன்றைக்கும் நம் பிறப்புச் சான்றிதழில் பாட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால் அவருடைய பெயர், பிறந்த ஆண்டு, இடம் என்று ஒரு கூடு இருக்கிறதே, எத்தனை பேர் அதை வாசித்திருப்போம்? 1908இல் கொழும்பில் தொடங்கிய டச்சுப் பறங்கியர் சங்கமும் தன் சஞ்சிகையில் வெளியிட்ட வம்சாவளிகளை ஆண்வழியில்தான் எழுதியது. மட்டக்களப்பின் தச்சரும் கொல்லரும் சப்பாத்துத் தைப்பவர்களும் அதற்குள் அதிகம் வரவில்லை.

எனவே பின்னோக்கித்தான் நடக்க வேண்டியிருந்தது. 1990இல் ஊரைவிட்டு ஓடியபோது பாதிப் பத்திரங்களும் சுனாமியில் மீதியும் போயிருந்தன. பதிவேடு உள்ளூரில் அழிந்திருந்தாலும் மனம் விடத் தேவையில்லை. பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவுகள் இரண்டு பிரதிகளாக எழுதப்பட்டு ஒன்று கொழும்பிலுள்ள மத்திய பதிவறைக்குப் போகும். பிரதேச செயலகத்தில் தேடுதல் விண்ணப்பம் கொடுக்கலாம். பதிவு இலக்கம் தெரியாவிட்டால் ஆண்டை இயன்றவரை குறுக்கிக் கொடுங்கள். "அம்மா பெரிய வெள்ளத்துக்கு அடுத்த வருசம் பிறந்தவ" என்பது போன்ற பேச்சும் அப்போது உதவும்.

அம்மாவின் பிறப்புப் பதிவு அம்மம்மாவின் முழுப்பெயரைத் தந்தது. அம்மம்மாவின் பதிவில் தகப்பனின் இனம் பறங்கியர் என்றிருந்தது, அந்தத் தச்சரின் குடும்பப் பெயரும் இருந்தது. அடுத்து விவாகப் பதிவு. தேடுபவர்கள் அதிகம் கவனிக்காத பத்திரம் இதுதான். மாப்பிள்ளை, பெண் இருவரின் வயதும், இருவரின் தகப்பன்மாரின் பெயரும் ஒரே தாளில் கிடைக்கும். அந்த வயதைக் கழித்துப் பார்த்து, கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டில் 1880களுக்குள் தச்சரைக் கண்டேன். மூன்று பத்திரத்தில் குடும்பப் பெயர் மூன்று விதம். தமிழில் காதால் கேட்டு எழுதியதை இன்னொருவர் ஆங்கிலத்துக்கு மாற்றினால் அப்படித்தான். எல்லா எழுத்துக்கூட்டலையும் குறித்துவைக்க வேண்டும், ஒன்றைத் திருத்தி மற்றதை எறியக் கூடாது.

அதற்கப்பால் என் பாதை நின்றுவிட்டது. மருமகள் தொடர்கிறாள். நெதர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தில் கம்பனியின் 18ஆம் நூற்றாண்டுக் கப்பல் சம்பளப் பேரேடுகள் இருக்கின்றன. ஒவ்வொரு சிப்பாயின் பெயர், சொந்த ஊர், ஏறிய கப்பல், சேவை எப்படி முடிந்தது என்பதெல்லாம் இணையத்தில் இலவசமாகத் தேடலாம். மூன்று எழுத்துக்கூட்டலையும் போட்டுப் பார்த்திருக்கிறாள். பெயர்கள் கொட்டுகின்றனவாம், கன பேர் நடுக்கடலில் செத்திருக்கிறார்கள். எங்கள் ஆள் யார் என்று பிரிக்க ஓர் ஊர்ப்பெயராவது வேண்டும். எங்கள் வீட்டில் அது யாருக்கும் ஞாபகமில்லை. 1880க்கும் 1780க்கும் இடையிலுள்ள நாலைந்து தலைமுறையும் இன்னும் வெறுமைதான்.

அம்மம்மாவின் பிறப்புப் பதிவின் பிரதியை அவளுக்கு அனுப்பினேன். அடுத்த நாள் எடுத்தாள். ஜேர்மன்காரரைப் பற்றிக் கேட்கவில்லை. "தாயின் பேர் இருக்கிற இடத்தில அவட குடியை ஏன் மாமா எழுதேல்ல?" என்று கேட்டாள். படிவத்தில் அதற்குக் கூடு இல்லை என்றேன். குடியின் பெயரைச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டாள்.