ஒரே படகு சரி. ஒரே கடை எதற்கு?

மேல்நாட்டார் 'கட்டமரான்' என்பது நம் கட்டுமரத்தின் பெயர்தான். பெயர் போயிற்று, உருவம் வேறு. இரண்டு ஒல்லியான உடல்களைக் குறுக்குச் சட்டங்களால் பிணைத்துப் பாய் ஏற்றியது அவர்கள் படகு. அந்தப் படகுப் பந்தயத்திலே ஒரு வழக்கு நெடுநாளாக நடக்கிறது. சீமான்கள் விளையாட்டு, நமக்கென்ன என்று தோழர்கள் கேட்கலாம். 'எங்கள் கடையில்தான் வாங்க வேண்டும்' என்று ஒருவர் கையைக் கட்டலாமா என்பதே வழக்கு. நமக்குப் புதிதா அது?

கலிபோர்னியாவில் அலைச்சறுக்குப் பலகை செய்துவந்த ஹோபி ஆல்ட்டர் 1969-70 வாக்கில் உருவாக்கியது 'ஹோபி 16'. நீளம் 16 அடி 7 அங்குலம். எடை சுமார் 145 கிலோ. இரண்டு பேர் மணற்கரையிலிருந்தே தள்ளிக்கொண்டு போகலாம். எல்லாம் ஒரே அச்சு. இவன் படகு கனம், அவன் படகு இலேசு என்ற பேச்சுக்கே இடமில்லை. கைத்திறன் உள்ளவன் வெல்வான். பணப்பையை வாசலிலேயே நிறுத்தும் இந்த ஏற்பாட்டை நாம் முழுமனதோடு ஆதரிக்கிறோம்.

ஆனால், பாயும் அந்த நிறுவனத்தின் பாயாகவே இருக்க வேண்டுமாம்! வெளியார் தைத்த மலிவான பாயை ஏற்றிப் பொழுதுபோக்கலாம்; சங்கப் பந்தயத்திலே கூடாது. பாயோ தேய்கிற பண்டம். வெயில் தின்னும், உப்பு தின்னும். படபடத்துப் படபடத்துத் துணியின் விறைப்புப் போகும். விறைப்புப் போன பாய் காற்றை எதிர்த்து ஏறாது. சேமிப்பைத் திரட்டிப் பழைய படகு வாங்கிய தச்சரோ மெக்கானிக்கோ, கடைக்காரர் சொன்ன விலையைக் கொடுக்க வேண்டும். இல்லையேல் கந்தலோடு கடைசியில் வர வேண்டும். வாசலில் நிறுத்திய பணப்பை கொல்லைப்புறமாக நுழைந்துவிட்டதே!

"யார் வேண்டுமானாலும் தைக்கட்டும்" என்பார் சிலர். அதையும் நாம் ஏற்பதற்கில்லை. ஓரங்களை அளந்தால் பாயை அளந்ததாகாது. துணித் துண்டுகளை வளைத்து வெட்டி இணைக்கும்போது பாய்க்கு ஒரு வயிறு உண்டாகிறது. அதன் ஆழமும் இடமுமே வேகத்தைத் தீர்மானிப்பவை. கெட்டிக்காரக் கூடம் அளவு மாறாமலே வேகத்தைக் கூட்டிவிடும். 'ஃபார்முலா 18' வகைப் படகுகளுக்கு அப்படித்தான் எந்தக் கூடமும் தைக்கிறது. அது தெரிந்தே இறங்குகிற ஆட்டம். ஹோபிக்காரர்கள் அதற்காக வந்தவர்கள் அல்லர்.

லேசர் படகைப் பாருங்கள். அது ஒற்றை உடல் படகு. 1996 முதல் ஒலிம்பிக்கில் ஓடுவது. அங்கேயும் பயிற்சிக்கு மலிவுப் பாய், பந்தயத்துக்கு முத்திரைப் பாய் என்றுதான் இருந்தது. ஒலிம்பிக் படகு செய்யும் உரிமம் நியாயமான நிபந்தனையில், பாகுபாடின்றிக் கிடைக்க வேண்டும் என்று உலகப் பாய்ப்படகுச் சங்கம் வற்புறுத்தியது. 2019இல் லேசர் சங்கம் பெரிய உற்பத்தியாளர் ஒருவருடன் முறித்துக்கொண்டது. படகின் பெயரையே 'இல்கா' என மாற்றியது. புதிய கூடங்களுக்கும் உரிமம் கொடுத்தது. குடி முழுகிப்போயிற்றா? 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் அதே படகுதான் ஓடியது.

ஹோபி உலகப் போட்டியில் படகையும் பாயையும் அமைப்பாளரே கொடுத்துவிடுகிறார்; அங்கே சச்சரவு இல்லை. வலி உள்ளூர்ப் பந்தயத்திலேதான். துணி இன்னது, வெட்டு இன்னது என்று எழுதிவைத்து, அதன்படி தைக்கும் கூடங்களுக்கெல்லாம் சங்கம் முத்திரை தரட்டும். அதுவரை, உள்ளூர்ப் பந்தயங்களில் வெளிப்பாயைத் தடுக்காதிருக்கட்டும்.