முதல் கமரா வாங்கப் போகிறீர்களா?

முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து வாசகி ஒருவர் எங்களுக்குக் கடிதம் எழுதியிருந்தார். தையல் வேலை செய்து இரண்டு பிள்ளைகளைப் படிப்பித்து வருபவர் அவர். 2009 இல் இடம்பெயர்ந்தபோது வீட்டிலிருந்த படங்கள் எல்லாம் கைவிட்டுப் போயின. வெளியூரிலிருந்த தங்கையிடம் கலியாணப் படமொன்று மட்டும் தப்பியிருந்தது. அதுவும் ஓரம் கறுத்து, பூஞ்சணம் ஏறிய நிலையில்தான் கைக்கு வந்தது. கணவரின் முகம் தெரியும் ஒரே படம் என்பதால் அதை வெளியே யாரிடமும் கொடுக்க அவருக்கு மனமில்லை.

“சீட்டு எடுத்த காசு கையில் இருக்கிறது. ஒரு கமரா வாங்கினால் இந்தப் படத்தை நானே பிரதி எடுத்து வைக்கலாம். பிறந்தநாள், சாமத்திய வீடு என்று ஊருக்குள் படம் எடுத்துக் கொஞ்சம் உழைக்கவும் பார்க்கலாம். எதை வாங்குவது?” என்று கேட்டிருந்தார்.

இதே கேள்வி வேறு பல சகோதரிகளிடமும் இருப்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில், உங்களிடம் ஓரளவு நல்ல கைத்தொலைபேசி இருக்கிறதா என்று பாருங்கள். பகல் வெளிச்சத்தில் பிள்ளைகளையோ தைத்த சட்டையையோ படம் எடுப்பதற்கு அது போதும். இன்றைய தொலைபேசிகள் ஒரே நொடியில் பல படங்களை எடுத்து, அவற்றைச் சேர்த்து ஒன்றாக்கித் தருகின்றன. மலிவான சிறிய கமராவால் அது இயலாது. எனவே தொலைபேசியால் செய்ய முடியாத வேலை ஒன்று உங்களுக்கு இருந்தால் மட்டுமே கமரா வாங்குவதில் பொருளுண்டு. கோவில் திருவிழாவில் தூரத்தில் நின்று சுவாமியை எடுப்பதும், இரவில் மண்டபத்துக்குள் நாற்பது பேரை எடுப்பதும் அப்படிப்பட்ட வேலைகள்.

எண்ணிக்கையைக் கண்டு மயங்க வேண்டாம்

கடைக்காரர் முதலில் சொல்வது மெகாபிக்சல் கணக்கைத்தான். ஒரு மெகாபிக்சல் என்பது பத்து இலட்சம் புள்ளிகள். நாம் வழமையாக அச்சடிக்கும் 6க்கு 4 அங்குலப் படத்துக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தாலும் 1800 தர 1200, அதாவது 22 இலட்சம் புள்ளிகள் போதும். ஏ4 தாள் அளவு படத்துக்குக்கூட 9 மெகாபிக்சல் வரை இருந்தால் சரி. ஆகவே 10 மெகாபிக்சல் உள்ள பழைய கமரா எதிலும் குறைந்ததல்ல.

இணையத்தில் பெயர் தெரியாத நிறுவனங்களின் புதுக் கமராக்கள் 48 மெகாபிக்சல், 64 மெகாபிக்சல் என்று மலிவு விலையில் விற்கப்படுகின்றன. அவற்றுள் பல, சிறிய படமொன்றை இழுத்துப் பெருப்பித்து அந்த எண்ணிக்கையைக் காட்டுபவை. சூம் விடயத்திலும் இதே ஏமாற்று உண்டு. லென்ஸ் தானே அசைந்து தூரத்தைக் கிட்டக் கொண்டுவருவது ஒப்டிகல் சூம். டிஜிற்றல் சூம் என்பது படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவது மட்டுமே. பெட்டியில் ‘16 மடங்கு டிஜிற்றல் சூம்’ என்று மட்டும் போட்டிருந்தால் வாங்காமல் விட்டுவிடுங்கள்.

படத்தின் தரத்தைத் தீர்மானிப்பது லென்ஸும், அதன் பின்னால் வெளிச்சத்தை வாங்கும் உணரியின் பரப்பும் ஆகும். சட்டைப்பைக்குள் அடங்கும் கமராக்கள் பெரும்பாலானவற்றில் அந்த உணரி சின்னி விரல் நகத்தை விடச் சிறியது. லென்ஸ் கழற்றி மாட்டக்கூடிய கமராக்களில் அது ஏறத்தாழ 12 மடங்கு பெரியது. இரவிலும் வீட்டுக்குள்ளும் எடுக்கும் படம் பொரிப் பொரியாக வருவதும் வராததும் பெரும்பாலும் இதனால்தான்.

பாவித்த கமரா

சிறிய கமராக்களின் காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. ஜப்பானியக் கமரா உற்பத்தியாளர் சங்கத்தின் கணக்குப்படி 2010 இல் 12 கோடிக்கு மேற்பட்ட டிஜிற்றல் கமராக்கள் சந்தைக்கு அனுப்பப்பட்டன. 2023 இல் அது 80 இலட்சத்துக்கும் கீழே போய்விட்டது. பெரிய நிறுவனங்கள் மலிவு வகைகளைச் செய்வதைப் பெரும்பாலும் கைவிட்டுவிட்டதால், சீட்டுக் காசுக்குள் அடங்குவது பெரும்பாலும் பாவித்த கமராதான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பார்த்து வாங்கினால் பல வருடம் உழைக்கும்.

வீட்டுப் பாவனைக்கும் விற்பனைப் பொருட்களைப் படம் எடுப்பதற்கும் என்றால் கெனன் பவர்ஷொட் ஏ வரிசையில் பல வகைகளும், நிக்கொன் கூல்பிக்ஸ் எல் வரிசையில் பல வகைகளும் தேடத்தக்கவை. இவை இரண்டு அல்லது நான்கு ‘டபிள் ஏ’ பற்றரியில் இயங்குபவை. தனி வடிவப் பற்றரி பழுதானால் அதே வகையைத் தேடி அலைய வேண்டும். டபிள் ஏ பற்றரியோ மூலைக் கடையிலும் கிடைக்கும். ஆனால் மணிக்கூட்டுக்குப் போடும் மலிவுப் பற்றரியைப் போட்டால் பத்துப் படத்தில் கமரா படுத்துவிடும். திரும்பச் சார்ஜ் செய்யும் வகையில் இரண்டு சோடி வைத்திருப்பதே சிக்கனம்.

உழைப்புக்கு என்றால் சிறிய கமரா காணாது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். அதன் பிளாஷ் பத்து அடிக்கு மேல் பெரிதாக எட்டாது. கெனன் 1100டி, 1200டி, நிக்கொன் டி3100, டி3200 போன்ற, 2010 தொடக்கம் 2014 வரை வந்த ஆரம்ப நிலைக் கமராக்களை 18–55 லென்ஸோடு சேர்த்துப் பாருங்கள். மேலே பொருத்தும் பிளாஷுக்கும் கொஞ்சக் காசு ஒதுக்க வேண்டும். கடவுச்சீட்டு, அடையாள அட்டைப் படங்களை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். அவற்றை எடுக்கப் பதிவு பெற்ற ஸ்ரூடியோக்களுக்கே அனுமதி உண்டு.

காட் விடயத்தில் ஒரு எச்சரிக்கை. எஸ்டி காட் போடும் கமராவையே எடுங்கள். பழைய ஒலிம்பஸ், புஜி கமராக்கள் சிலவற்றுக்கு எக்ஸ்டி காட் வேண்டும். அது இப்போது கிடைப்பது அரிது. எஸ்டியிலும் பழைய கமரா 64 ஜிபி காட்டை வாசிக்காமல் விடலாம். 8 அல்லது 16 ஜிபி காட் போதும். மிகப் பழையதென்றால் 2 ஜிபிதான் ஏற்கும்.

இனி, கடையில் என்ன செய்வது? ஒரு மெமரி காட்டும் சின்ன ரோச் லைற்றும் கொண்டு போங்கள். லென்ஸுக்குள் ரோச் அடித்துப் பார்த்தால் சிலந்திவலை போல நூல் நூலாகத் தெரிகிறதா? அது பூஞ்சணம். எங்கள் நாட்டு ஈரக் காற்றில் கமராவுக்கு வரும் பெரிய நோய் அதுதான். அப்படியானதை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வேண்டாம். வெள்ளைச் சுவரை ஒரு படமும், லென்ஸை மூடி இருட்டில் ஒரு படமும் எடுங்கள். வெள்ளையில் கறுப்புப் பொட்டோ, கறுப்பில் நிறப் பொட்டோ தெரிந்தால் காரணம் கேளுங்கள். சூமை முழுவதும் நீட்டி மடக்குங்கள், பிளாஷைப் பல தடவை அடித்துப் பாருங்கள். சார்ஜர் கூட வருகிறதா, பற்றரி வீங்கியிருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். எடுத்த படங்களை வெளியே கணினியில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு வந்து காசு கொடுக்கலாம். “இப்பவே எடுக்காவிட்டால் போய்விடும்” என்று அவசரப்படுத்தினால் போகட்டும் என்று விட்டுவிடுங்கள். பற்றுச்சீட்டில் கமராவின் தொடரிலக்கமும், திருப்பித் தரக்கூடிய நாட்களும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

கமராவுக்காக நுண்கடன் எடுக்க நினைப்பவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். வாராந்தக் கடனில் சிக்கிய பெண்களின் நிலை கண்டுதான் 2018 இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் ஓரிலட்சம் ரூபா வரையான கடன்களை அரசு பொறுப்பேற்க வேண்டி வந்தது. படம் எடுக்கும் வேலை வாரா வாரம் வருவதில்லை, தவணை மட்டும் வாரா வாரம் வரும். இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு கமரா வாங்குவது நல்ல வழி, யார் கையில் எந்த நாள் என்பதை முதலே எழுதி வைத்துக்கொண்டால்.

அந்தக் கலியாணப் படம்

எங்கள் வாசகியிடம், அதைப் பிரதி எடுக்கக் கமரா வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று சொன்னோம். பூஞ்சணம் அதுவரை பொறுத்திருக்காது. படத்தைத் துடைக்கவோ நனைக்கவோ கூடாது. கண்ணாடிச் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காமல் அப்படியே எடுக்கலாம். வெயில் நேரே விழாத, வெளிச்சமான ஜன்னலோரம் மேசையில் மட்டமாக வைத்து, பிளாஷை நிறுத்திவிட்டு, நேர் மேலிருந்து, கை ஆடாமல் எடுக்க வேண்டும். கமராவானால் பூப்படம் போட்ட பொத்தானை அமத்தினால் கிட்டத்தில் தெளிவாக விழும். நாலைந்து எடுத்து, நல்லதைத் தெரிந்து, ஒன்றைக் காட்டிலும் ஒன்றை மின்னஞ்சலிலும் வைத்து, அச்சடித்த பிரதியொன்றை வேறு வீட்டில் கொடுத்து வைப்பது நல்லது. இடம்பெயர்ந்தவர்களுக்கு இந்தக் கடைசி விடயத்தின் பெறுமதி தெரியும்.

பக்கத்து வீட்டு மகளின் தொலைபேசியில் அவர் அப்படியே எடுத்துவிட்டார். மூன்று பிரதி அச்சடித்து, ஒன்றைத் தங்கைக்கே திருப்பி அனுப்பியிருக்கிறார். சீட்டுக் காசு இன்னும் கையில்தான் இருக்கிறது. தைப்பொங்கல் கழிய யாழ்ப்பாணம் போய்ப் பாவித்த கமரா பார்ப்பாராம், ரோச் லைற்றும் கொண்டு.