ஆசிரியரின் இலட்சியம்

பிறர்க்குக் கற்பிக்கும் ஆசிரியர் தாமும் ஓர் இலட்சியத்தை நாடி உழைப்பாராயின், அவ்வுழைப்பே மாணாக்கர்க்குச் சிறந்த பாடமாகும். ஜெர்மனி தேசத்து வைர்ஸ்ட்ராஸ் என்பார் 1842 முதல் பள்ளி ஆசிரியராய் அமர்ந்து, கணிதத்தோடு கையெழுத்து, தேகப்பயிற்சி முதலியனவும் கற்பித்துவந்தார். உடனிருந்து ஆராய்வார் இல்லாதிருந்தும், தாம் விரும்பிய கணித ஆராய்ச்சியை அவர் கைவிட்டாரல்லர். 1854இல் வெளிவந்த அவரது கட்டுரையின் சிறப்பை உணர்ந்த கோனிக்ஸ்பர்க் சர்வகலாசாலையார் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தனர். பின்னர்ப் பெர்லின் நகரிற் பேராசிரியராயிருந்த அவர், பெண் என்னுங் காரணத்தால் அங்குச் சர்வகலாசாலையில் இடம்பெறாத சோபியா கோவலெவ்ஸ்காயாவுக்கு 1870 முதல் தனியே கற்பித்தார். அம்மாது 1874இல் டாக்டர் பட்டம் பெற்றார். தம் வேட்கையைப் பேணிக் காத்தவரே பிறர் வேட்கையையும் அறிந்து பேணுவர் என்பது இதனாற் பெறப்படும்.