தோற்கருவியின் இடிப்பும் உழைப்பின் உரிமையும்: வன்னியின் முழவொலியை முன்வைத்து ஒரு நோக்கு

இன்றைய ஒலிப்பதிவுக் கூடங்களில் பாட்டொன்றின் தாளத்துக்குத் தளமாய் அமைவது 'கிக் டிரம்' எனப்படும் பெருமுரசின் ஒலியாகும். தரையில் வைத்து மிதிகோலினால் அடிக்கப்படும் இம்முரசு காதை மட்டுமன்றி நெஞ்சையும் தாக்குதல் வேண்டும் என்பது இசையமைப்போர் எதிர்பார்ப்பு. அவ்வியல்பை இக்கட்டுரை 'இடிப்பு' எனச் சுட்டும். இடிப்பு என்பது பிறநாட்டு மென்பொருளோடு விலைக்கு வரும் பொருள் என்னும் எண்ணம், கணினியில் இசையமைக்கப் புகும் நம் இளைஞரிடையே எளிதில் வேரூன்றக்கூடியது. அவ்வெண்ணம் எத்துணைப் பொருத்தமுடையது என்பதை, ஒலியின் இயல்பையும் அதனை ஆக்கிய உழைப்பையும் ஒருங்குவைத்து நோக்குதல் இங்கு நோக்கமாகும்.

முதலில் ஒலியின் இயல்பை நோக்குவோம். முரசின் ஓரடி காதுக்கு ஒன்றாய்த் தோன்றினும் அது மூன்று கூறுகளை உடையது. கோல் தோலைத் தொட்டவுடன் எழும் அறைவொலி முதற்கூறு. இது சில மில்லிசெக்கன்களே நிலைப்பது. பெரும்பாலும் 2,000 முதல் 5,000 ஹேர்ட்ஸ் வரையான மீடிறனில் தெளிவாய்க் கேட்பது. அதனைத் தொடரும் தோலின் முழக்கம் இரண்டாவது கூறு. கிக் டிரம்மில் இது ஏறத்தாழ 50 முதல் 100 ஹேர்ட்ஸ் வரை அமையும். முழக்கம் தேய்ந்து அடங்கும் முறை மூன்றாவது. இடிப்பு இம்மூன்றில் எதனிலும் தனித்து இல்லை. அவற்றிடையேயுள்ள உறவிலேயே உள்ளது. அறைவு மட்டும் மிகுந்தால் ஒலி தகரம் தட்டியது போலாகும். முழக்கம் மட்டும் மிகுந்தால் தொலைவில் உருளும் இடி போலாகும்.

சுருதி வீழ்ச்சியும் இங்குக் கருதத்தக்கது. வன்மையாய் அடிக்கப்பட்ட தோல் கணப்பொழுது மிகையாக இழுபடுகின்றது. அதனால் இழுவிசை கூடிச் சுருதி உயர்கின்றது. வீச்சம் குறையக் குறையச் சுருதி தாழ்கின்றது. இவ்விரைவான வீழ்ச்சியையே காது 'அடி' என உணர்கின்றது. ஜப்பானின் ரோலன்ட் நிறுவனம் 1980இல் வெளியிட்ட டிஆர்-808, 1983இல் வெளியிட்ட டிஆர்-909 ஆகிய தாளக்கருவிகள் தோலே இல்லாமல், மின்சுற்றின் அலைவைக் கொண்டே முரசொலியை ஆக்கின. பின்னையதில் சுருதியைத் திட்டமிட்டு வீழ்த்தியும் தொடக்கத்தில் ஒரு சொடுக்கொலியைச் சேர்த்தும் இடிப்பை எய்தினர். இயந்திரம் இங்குத் தோலிடமிருந்தே பாடம் கற்றது.

இப்பாடத்தை நம் முன்னோர் அறியாதிருந்தனர் எனக் கொள்ள இயலாது. மிருதங்கத்தின் இடமுகத்தில் கச்சேரிக்கு முன் இரவைப் பசையை அப்புவது அம்முகத்தின் நிறையைக் கூட்டிச் சுருதியைத் தாழ்த்துவதற்கேயாகும். கச்சேரி முடிந்ததும் அது சுரண்டி எடுக்கப்படும். வலமுகத்தின் கரணை மேற்றொனிகளை இசைவுடைய ஒழுங்கில் நிறுத்துகின்றது என்பதைச் சி. வி. இராமன் 1920இல் உலக அறிவியலாளர்க்கு எடுத்துக்காட்டினார். இராமன் விளக்கியது விதியை. அவ்விதியைக் கைப்பழக்கத்தால் முன்னரே கண்டறிந்தவர் பெயரறியாத தோற்தொழிலாளர். தமிழகத்தின் ஒருமுகப் பறையைத் தீயிற் காய்ச்சி முறுக்கேற்றுவதும் இத்தகைய அறிவேயாகும். ஈரம் தோலைத் தளர்த்தும், வெம்மை இறுக்கும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகீழ்ப் பருவமழை பொழியும் வன்னியில் இதன் பொருள் விளக்க வேண்டாதது.

சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு உரைகண்ட அடியார்க்குநல்லார், மத்தளம் என்னும் பெயருக்கு விளக்கந் தருமிடத்து, அது ஏனைய கருவிகளுக்கெல்லாம் தளமாவதாகக் கொள்கின்றார். இன்றைய பதிவுக்கூடத்தில் கிக் டிரம் வகிக்கும் இடமும் இதுவே. வற்றாப்பளைக் கண்ணகி வழிபாட்டோடு உறவுடைய முல்லைத்தீவுக் கோவலன் கூத்தில் ஆட்டத்தையும் பாட்டையும் ஒருசேரத் தாங்குவது மத்தளமே என்பதும் இங்கு நினையத்தக்கது.

ஆகவே வன்னியின் மத்தளத்தையோ தோளில் தொங்கும் இருமுகப் பறைமேளத்தையோ பதிவுசெய்து இடிப்புள்ள ஒலியாக்குதல் இயலும். அதன் முறை வருமாறு. தாழ்ந்த முகத்துக்கு அருகே ஓர் ஒலிவாங்கியையும் கோல் படும் முகத்துக்கு அருகே இன்னொன்றையும் வைத்தல் நன்று. இரு பதிவுகளும் ஒரே திசையில் அலைகின்றனவா எனச் சோதித்தல் வேண்டும். எதிர்த்திசையில் அலையின் ஒன்றையொன்று அழித்துவிடும். 250 முதல் 400 ஹேர்ட்ஸ் வரையான பகுதியைச் சற்றுக் குறைத்தால் பெட்டிக்குள் அடிபடுவது போன்ற மந்தம் நீங்கும். ஒலியமுக்கியைப் பயன்படுத்துமிடத்து, அது 10 முதல் 30 மில்லிசெக்கன் வரை தாமதித்துச் செயற்படுமாறு அமைத்தல் வேண்டும். உடனே செயற்பட்டால் அறைவொலியே நசுங்கிவிடும். அடுத்த அடி விழுமுன் அது தன் பிடியை விட்டுவிடவும் வேண்டும். நிமிடத்துக்கு 120 அடி விழும் பாட்டில் அடிகளுக்கிடைப்பட்ட காலம் 500 மில்லிசெக்கன். முழக்கமும் அதற்குள் அடங்குதல் வேண்டும்.

மேலும், சிறிய ஒலிபெருக்கிகள் 50 ஹேர்ட்ஸ் ஒலியைப் பெரும்பாலும் தருவதில்லை. ஆனால் அதன் மேற்றொனிகள் கேட்குமாயின், இல்லாத அடிச்சுருதியைக் காதே உய்த்துணர்ந்துகொள்ளும். எனவே முழக்கத்தைச் சிறிது முறுக்கி மேற்றொனிகளை எழுப்புதல் கைப்பேசியில் பாட்டுக் கேட்போர்க்கும் இடிப்பைச் சேர்ப்பிக்கும் வழியாகும்.

இதுகாறும் கூறியது நுட்பத்தின் பக்கம். சமூகத்தின் பக்கத்தை விடுத்து இப்பொருளை முடித்தல் அரைகுறை ஆய்வாகவே அமையும். தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்தின் கருப்பொருளிலும் பறையைச் சேர்த்தது. புறநானூற்றின் 335ஆம் பாடல் துடியனையும் பறையனையும் சிறப்புடைய குடிகளுள் வைத்தது. பின்னைய நிலவுடைமைச் சமூகமோ பறையின் ஒலியைத் தன் சடங்குகளுக்கு வேண்டிக்கொண்டு, அதனை முழக்கிய கையைத் தீண்டத்தகாததாக்கியது. உழைப்பின் பயன் ஒருவருக்கும் இழிவு இன்னொருவருக்கும் ஆயின. எனவேதான் ஈழத்தின் வடபகுதியிலும் தமிழகத்திலும் பறை முழக்க மறுத்தல் சாதியெதிர்ப்பின் ஒரு வடிவமாயிற்று. அந்த மறுப்பைக் கலையின் இழப்பாக மட்டும் காண்போர், கலைஞன் மனிதன் என்பதை மறப்போராவர்.

இன்று அதே முரண்பாடு புதிய உருவில் எழுகின்றது. பதிவுசெய்யப்பட்ட ஒற்றை அடி, எண்ணிறந்த முறை மீட்டெடுத்து விற்கத்தக்க பண்டமாகின்றது. அடித்தவன் ஒருநாட் கூலியோடு நீங்க, அடி மட்டும் இன்னொருவரின் உடைமையாய் உலகெங்கும் உலவக்கூடும். முன்னர்ச் சாதி பிரித்த ஒலியையும் உழைப்பையும் இப்போது சந்தை பிரிக்கின்றது. 2009இல் முடிவுற்ற போரினால் வீடும் உடைமையும் இழந்து இடம்பெயர்ந்த மக்களின் நிலத்தில் இப்பிரிப்பு மேலும் கொடிதாகும்.

இதற்குப் பதிவை மறுத்தல் தீர்வன்று. பதிவின் உறவுகளை மாற்றுதலே தீர்வு. அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருக்கின்றது. 2021இல் வவுனியா வளாகம் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. கருவியறிவும் கலையறிவும் அருகருகே வாழும் இச்சூழலில், வன்னியின் தோற்கருவி ஒலிகளைத் தொகுக்கும் பணி தொடங்கப்படலாம். அத்தொகுப்பில் கலைஞனின் பெயர், ஊர், கருவி செய்தவரின் பெயர் ஆகியவை அவர்தம் இசைவோடு பொறிக்கப்படுதலும், பயன்பாட்டின் வருவாயில் அவர்களுக்குப் பங்கு எழுத்தில் உறுதியாதலும் முதல் நிபந்தனைகளாக வேண்டும். பறை என்னும் சொல்லுக்குக் கருவி என்பதோடு பேச்சு என்னும் பொருளும் நம் வழக்கில் உண்டு. முரசை நன்றாய்ப் பேசவைக்கும் நுட்பத்தைக் கற்போர், அதனை முழக்கியவர் பேசுவதையும் கேட்கக் கடமைப்பட்டவர்கள்.